முன்பணம் கட்டிய வாசகர்களுக்கு

ஒரு நாவல் மறந்துபோவதற்கு அது மோசமான நாவலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயிரமோ ஆயிரத்து இருநூறோ படிகள் அச்சாகும். அதில் ஒரு பங்கு நூலக ஆணையில் ஊர் ஊராகப் போய்ச் சேரும். மிச்சம் கிடங்கில் கிடந்து மெல்ல மெல்ல விற்கும். பதிப்பாளர் காலமாவார், பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போவார்கள், கிடங்கு காலியாகும். எழுத்தாளரின் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குக் குடிபெயரும். நூலகத்துப் படி அட்டை கிழிந்து, தாள் நொறுங்கி, ஒருநாள் பட்டியலிலிருந்தே நீக்கப்படும். யாரும் அந்த நாவலைத் திட்டியிருக்க மாட்டார்கள், தடை செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது இல்லாமல் போய்விடும். வார இதழில் தொடராக வந்து, நூலாகவே ஆகாமல் நின்றுபோன கதைகளின் கதி இதைவிட மோசம்.

"மறக்கப்பட்டதென்றால் அதற்கொரு காரணம் இருக்கும், நல்லதைக் காலம் காப்பாற்றும்" என்று சொல்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். காலம் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. கிடங்கு வாடகையும் கரையானும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்து முடிவுசெய்வதைத்தான் காலத்தின் தீர்ப்பு என்று நாம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ப. சிங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போனவர், போர் முடிந்து திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959இல் நூலாக வந்தது. இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி' பல ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே காத்திருந்து, 1972இல்தான் அச்சேறியது. வந்தபோதும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் மூன்றாவது நாவலை எழுதவே இல்லை. 1997இல் மறைந்தார். இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களை யார் பட்டியலிட்டாலும் அந்தத் தோணி அதில் இருக்கிறது. எழுத்து அதேதான், ஒரு வரி மாறவில்லை. படித்த சிலர் வாயை மூடிக்கொள்ள மறுத்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அப்படி வாயை மூடிக்கொள்ள மறுப்பவர்கள் சிலர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பெரம்பூர், ஓட்டேரி, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று வடசென்னையின் பல மூலைகளிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மொட்டை மாடியில் கூடுகிறோம். கடைகளில் கிடைக்காத நாவல்களைத் தேடிப் படிப்பதும், மறுபதிப்புக்குத் தகுந்ததென்று தோன்றினால் அதற்கு வழி பார்ப்பதும்தான் வேலை. அந்த மனிதர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வடசென்னையில் புத்தகமா என்று கேட்பவர்கள் உண்டு. புத்தகம் என்றால் தெற்கே பஸ் ஏறவேண்டும் என்பது இந்த நகரத்தின் பழக்கமாகிவிட்டது. புத்தகக் காட்சி நந்தனத்தில், பெரிய நூலகம் கோட்டூர்புரத்தில், பழைய அச்சு நூல்களின் களஞ்சியமான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில். ஆனால் ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அச்சகம் இருந்தது தங்கசாலைத் தெருவில். கூலி வேலை செய்கிறவரும் காசு கொடுத்து வாங்கிப் படித்த பெரிய எழுத்துக் கதைகளை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் அச்சிட்டுத் தள்ளியது கொண்டித்தோப்பில். 1985இல் தீக்கிரையாகும்வரை மூர் மார்க்கெட் எங்கள் வாசலில்தான் இருந்தது. அங்கே பழைய புத்தகம் வாங்கிப் படித்தே வளர்ந்த ஒரு தலைமுறை இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறது. எங்கள் மாடிக்கு வருபவர்களில் பாதிப்பேர் அவர்கள்.

இப்போது எங்கள் கையில் இருப்பது 1950களில் ஒரு வார இதழில் வெளிவந்த தொடர்கதை. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதை. நூலாக வந்ததே இல்லை. வாரிசுகள் நால்வரில் ஒருவரின் கையெழுத்து இன்னும் வரவேண்டியிருப்பதால், ஆசிரியரின் பெயரையும் கதையின் பெயரையும் வெளியே சொல்வதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் அக்கா ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிப்பையில் சுற்றி ஒரு பைண்டு புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அம்மா வைத்திருந்தது. அந்தக் காலத்தில் ஒரு வாடகைக் குடித்தனத்தில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஓர் இதழை வாங்குவார்கள். எல்லாரும் படித்து முடித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துக்கொள்ளும் உரிமை யாருக்கு என்பதில் சண்டை வரும். இந்தக் கதைக்கு அந்த உரிமை அக்காவின் அம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது. வாராவாரம் கிழித்து, அரிசிப் பானைக்கு மேலே பரணில் அடுக்கி, கடைசியில் மண்ணடியில் கொடுத்துத் தைத்து வாங்கியிருக்கிறார். முதுகில் காலிகோ துணி. உள்ளே ஊதா மையில் அவருடைய பெயர், எழுத்துக் கூட்டி எழுதியதுபோல் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. அத்தியாயம் முடியும் பக்கத்தின் மறுபுறத்தில் பாதிச் சிரிப்புத் துணுக்கு, கூந்தல் தைல விளம்பரம், வேறு யாரோ எழுதிய கதையின் நடுப்பகுதி. "அம்மா மூன்றாம் வகுப்புவரைதான் படித்தார். இதைப் படிப்பதற்காகவே படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வார்" என்றார் அக்கா. எங்களிடம் கொடுக்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பக்கங்களைப் பிரித்து ஸ்கேன் செய்யக்கூடாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்தோம். தையலுக்குள் ஒளிந்திருந்த ஓரத்து எழுத்துகளை மட்டும் ஒருவர் விரலால் மெல்ல விரித்துப் பிடிக்க, இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க, மூன்றாமவர் எழுதிக்கொண்டார்.

படம் எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அங்கேதான் தொடங்குகிறது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் புதிய அச்சு நூல்களுக்கு ஓரளவு நன்றாகவே உதவுகின்றன. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து 13 எழுத்து வடிவங்களை மாற்றியது. அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கையோடு இருக்கும். ணா, றா, னா எல்லாம் வளைந்து சுழித்திருக்கும். மங்கிய தாளில் அந்த வடிவங்களைக் கண்டதும் மென்பொருள் தடுமாறிவிடுகிறது. எங்கள் குழுவின் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் முதலில் அவை பிடிபடவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பெண்கள்தான் தடையில்லாமல் படித்தார்கள். அவர்கள் படிக்கப் படிக்க, இளையவர்கள் தட்டச்சு செய்தார்கள். சமையல் முடித்து, பேரப் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியில் ஒருமணி நேரம் நாவல் வாசித்துச் சொன்ன பெண்மணிகள் இருக்கிறார்கள். பதிப்புரையில் இவர்கள் பெயர் வரவேண்டும் என்று பதிப்பாளரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

மெய்ப்புப் பார்க்கும்போது நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். ஆலைக்குள் நடக்கும் ஒரு விபத்தை விவரிக்கும் இடத்தில், "காடா பறந்து வந்து அவன் நெற்றியில் பட்டது, ரத்தம் சட்டையை நனைத்தது" என்று தட்டச்சாகியிருந்தது. நாங்கள் எல்லாரும் படித்துக் கடந்துவிட்டோம். பட்டாளம் பகுதியிலிருந்து வரும் ஐயா ஒருவர், பக்கிங்காம் கர்னாடிக் ஆலையில் 1996இல் அது மூடப்படும்வரை தறி ஓட்டியவர், பென்சிலை அந்த வரியில் வைத்து நிறுத்திவிட்டார்.

"தம்பி, காடா என்பது துணி. துணி பறந்து வந்து பட்டால் ரத்தம் எப்படி வரும்? இது நாடாவாக இருக்கும்."

பழைய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாடாதான். முதல் எழுத்தின் மேல் ஒரு கறை. தறியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா மரத்தால் ஆனது, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். ஓட்டத்தில் தறியைவிட்டுத் துள்ளினால் எதிரில் நிற்பவனின் கண்ணோ பல்லோ போகும் என்று ஐயா விளக்கினார். தன் புருவத்தின் மேலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். அதன் பிறகு ஆலை வரும் பக்கங்களை எல்லாம் அவர் பார்க்காமல் பதிப்பாளருக்கு அனுப்புவதில்லை. இந்த நாவலை எழுதியவர் எந்தத் தறிக்காரனிடம் கேட்டு எழுதினாரோ தெரியாது. எழுபது ஆண்டுகள் கழித்து இன்னொரு தறிக்காரன் அதைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். எந்தப் பதிப்பகமும் காசு கொடுத்து அமர்த்திவிட முடியாத மெய்ப்பாளர் அவர்.

சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை வாரிசுகளுக்குச் சொந்தம். எங்கள் ஆசிரியர் 1980களில் காலமானவர். ஆகவே அனுமதி இல்லாமல் ஓர் அத்தியாயத்தைக்கூட வெளியிட முடியாது, வெளியிடவும் கூடாது. அவருடைய வேறொரு நூலின் முன்னுரைக்குக் கீழே ஒரு பழைய தெரு முகவரி இருந்தது. குழுவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். அந்த முகவரியை எடுத்துக்கொண்டு போய், தெருவில் நீண்ட காலமாகக் குடியிருப்பவர்களை விசாரித்து, அங்கிருந்து இன்னொரு தெரு, அங்கிருந்து கொளத்தூர் என்று போய்ப் பேத்தியைக் கண்டுபிடித்துவிட்டார். தாத்தா கதை எழுதுவார் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும்; இப்படியொரு கதை எழுதினார் என்பது தெரியாது. ராயல்டி பற்றிப் பேச வாயெடுத்ததும், "அது இருக்கட்டும் ஐயா, முதலில் எனக்குப் படிக்கக் கொடுப்பீர்களா?" என்று கேட்டாராம். ராயல்டியையும் கொடுத்தே தீரவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மறக்கப்பட்ட எழுத்தாளருக்கு உயிர் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர் குடும்பத்துக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது அயோக்கியத்தனம்.

இவ்வளவு எதற்கு, அரசு நாட்டுடைமையாக்கினால் போதாதா என்று கேட்கலாம். பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கியதிலிருந்து இன்றுவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. ராஜம் கிருஷ்ணனுக்கு 2009இல் அவர் உயிரோடிருக்கும்போதே அது நடந்தது. அருமையான ஏற்பாடு, வேறு மாநிலத்துக்காரர்களிடம் சொன்னால் வியக்கிறார்கள். ஆனால் உரிமை பொதுவாகிவிட்டதும் எல்லாரும் அச்சிடுவது ஏற்கெனவே விற்கிற பெயர்களைத்தான். கல்கியின் சரித்திர நாவல்களுக்கு எத்தனை பதிப்பு என்று எண்ணி முடியாது. அதே அரசாணையின் பயனைப் பெற்ற இன்னொரு எழுத்தாளரின் நாவலைக் கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். ஒருவர் போட்ட பதிப்பின் பிழைகளை அடுத்தவரும் அப்படியே நகலெடுத்துப் போடுகிற கொடுமை வேறு. உரிமை யாரிடம் இருந்தாலும், "எனக்கு ஒரு படி வேண்டும்" என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் நூல் வராது.

அப்படிச் சொன்னவர்களை நம்பித்தான் எங்கள் பதிப்பாளர் துணிந்தார். இப்போது நூறு, இருநூறு படிகள் மட்டும் அச்சிடும் வசதி வந்துவிட்டது, கிடங்கு வேண்டாம். ஆனால் குறைந்த படிகள் என்றால் படிக்கு ஆகும் செலவு கூடுதல். தட்டச்சு, வடிவமைப்பு, தாள் எல்லாவற்றுக்கும் கையிலிருந்து முதலில் போட வேண்டும். அதற்காக முன்பதிவு கேட்டோம். ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல், ஆசிரியர் பெயர்கூடத் தெரியாமல், "பெரம்பூர் மில் கதையா? எழுதிக்கொள்ளுங்கள்" என்று பணம் கட்டினார்கள். காசிமேட்டில் வலை பின்னும் ஒருவர், ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பதி, எண்ணூரிலிருந்து ஓர் ஆசிரியை. மாதக் கடைசி என்பதால் இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்டவரும் உண்டு. தமிழில் இதற்கு முன்னோடி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காகக் கையொப்பம் (அன்றைய முன்பதிவு) வாங்கியதை 'என் சரித்திர'த்தில் விரிவாக எழுதியிருக்கிறார். கையொப்பமிட்டவர்களில் கனவான்கள் மிகுதி. எங்கள் பட்டியலில் கனவான்கள் இல்லை. அது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பழையது எல்லாம் பொன் என்று நாங்கள் நினைப்பதில்லை. படித்துவிட்டு, இது மறந்துபோனது சரிதான் என்று ஒருமனதாக மூடிவைத்த நாவல்களும் இருக்கின்றன. இந்த ஆலைக் கதையிலும் ஓர் இடம் எங்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. கதையில் வரும் கிழவர் ஒருவர் 1921 வேலைநிறுத்தத்தை நினைவுகூர்கிறார். சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆண்டின் வலி தெரியும். 1918இல் இங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, தொழிற்சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் நின்று பேசிய தெருக்கள் இவை. மூன்றே ஆண்டுகளில் அந்த ஒற்றுமை சாதியால் உடைந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிட மக்களின் குடிசைகள் எரிந்தன. கிழவர் அதைச் சொல்லும்போது பழி முழுவதையும் புளியந்தோப்பு மக்கள் மேலேயே போடுகிறார். நாவலும் அவரை மறுப்பதில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். அடிக்குறிப்பு போடலாம் என்றார்கள் சிலர். எங்களில் இளையவர் ஒருவர், புளியந்தோப்பிலேயே பிறந்து வளர்ந்து வழக்கறிஞராக இருப்பவர், கடைசியில் பேசினார். "ஒரு வரியையும் வெட்ட வேண்டாம் அண்ணா. அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது இருக்கட்டும். முன்னுரையை நான் எழுதுகிறேன்." இப்போது அந்த முன்னுரை வந்துவிட்டது. நாவலைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் குழுவில் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

சிங்காரத்தின் தோணியை நாங்கள் படித்த மாதம் வியாசர்பாடியிலிருந்து வந்த பெரியவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பர்மாவிலிருந்து அறுபதுகளில் கப்பலேறித் திரும்பிய குடும்பம். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடை போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். நாவலில் வருவது மேடானும் பினாங்கும், ரங்கூன் அல்ல. இருந்தும் அவர், "எங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு இதுதான். அதைப் புத்தகமாக யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு படி வாங்கிப் போனார். மேடையில் விமர்சகர்கள் ஒரு நாவலைப் பாராட்டிப் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். இப்படியொரு கோபத்தோடு ஒரு நாவல் வரவேற்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பெயர் போடாமல் உழைக்கும் இந்த மரபு பெரியது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, சொந்தக் காசில் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் இல்லையென்றால் இன்று தரமணியில் அப்படியொரு நூலகமே இல்லை. பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குப் பல நாடுகளிலிருந்து தட்டச்சு செய்து கொடுத்தவர்கள் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். படிப்பவர்கள்தாம் இவை எல்லாவற்றையும் செய்தவர்கள். எங்கள் மாடிக்கு வருகிற அக்காக்களும் ஐயாக்களும் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கெல்லாம் என் நன்றி, பணம் கட்டியதற்கும், பரணில் ஏறியதற்கும், பென்சிலை எடுத்ததற்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அக்காவின் அம்மா தைத்து வைத்த தொகுப்பில் நடுவே மூன்று வாரங்கள் இல்லை. பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்த சமயம், வேறு யாரோ கிழித்துக்கொண்டுவிட்டார்களாம். ஆலை வாசலில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் கதை அறுந்து, மறுபடி தொடங்கும்போது தம்பி ஊரிலேயே இல்லை. தரமணியிலும் கன்னிமாராவிலும் தேடியாயிற்று. அந்த வாரத்து இதழ்கள் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பாட்டி சேர்த்த ஐம்பதுகளின் தொடர்கதைத் தாள்கள் இருந்தால், அதில் பெரம்பூர் மில்லும் அண்ணன் தம்பியும் வந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் கொடுக்கவும் வேண்டாம். சொல்லியனுப்பினால் போதும். நாங்களே வந்து, உங்கள் எதிரிலேயே படம் எடுத்துக்கொண்டு, தாளை உங்கள் பெட்டியிலேயே வைத்துவிட்டு வருகிறோம்.